போதுமான காரணம்

மலை இல்லாத ஊரில்
மலைக்குப் பழகுவது எப்படி?
ஹமீதா கனிதான் கண்டுபிடித்தாள்:
பாம்பன் பாலத்தின் நடுமுதுகு.
பதினான்கு தடவை ஏறி இறங்கினால்
ஒரு குன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

வைத்துக்கொண்டோம்.
ஞாயிறுதோறும் மீன்வண்டியில் சைக்கிள்களை ஏற்றி வந்து
விடியுமுன் இறக்குவோம்.
கச்சான் எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.
முதுகில் ஆளுக்குப் பத்துக் கிலோ உப்பு,
வாலிநோக்கம் ஆபீசில் நான் எடைபோட்டு எடுத்தது,
கணக்கில் எழுதித்தான்.
"அப்படி என்னத்தம்மா தொலைச்சீங்க,
ஞாயித்துக்கிழமையானா வந்து தேடுறீங்க?"
பாலத்துப் போலீஸ்காரர் கேட்டார்.
"ஸ்லோவேனியா" என்றாள் ஹமீதா.
அவர் எட்டிக் கடலைப் பார்த்தார்.

சின்ன நாடு.
கடற்கரை மொத்தமே நாற்பத்தாறு கிலோமீட்டர்;
மண்டபத்தில் தொடங்கினால்
கீழக்கரை பாங்கு காதில் விழும்போது தீர்ந்துவிடும்.
மீதியெல்லாம் மலை, காடு,
தேன்கூட்டுப் பலகையில் படம் வரைகிற மனிதர்கள்.
தேனீ தன் வீட்டை அடையாளம் காணவாம்.

விசா அவளுக்கு வந்தது.
எனக்கு ஒரு தாள்.
நான் திரும்பி வருவேன் என்று நம்பப்
போதுமான காரணம் இல்லையாம்.
பதினோரு வருஷச் சம்பளச் சீட்டு வைத்திருந்தேன்.
கணவர் பெயருக்கான இடத்தில் ஒரு சின்னக் கோடு.
உப்பு வாரும் மாதத்தில் நான் இல்லையென்றால்
சிக்கல் விலக்கு வரை லாரி நிற்கும் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆறாம் நாள் இரவு படம் அனுப்பினாள்.
சிகரம் இல்லை, ஏரி இல்லை.
மரச்சட்டம் போட்ட பாத்திகள்,
வாரு பலகை, ஓரத்தில் வெள்ளைக் குவியல்.
"ஏடி, உப்பளம்! டிக்கெட் வாங்கிப் பார்த்தேன்!"
எவ்வளவு என்றேன்.
சொன்னாள்.
நம் எடைமேடையில் அது எத்தனை மூட்டை என்று
கணக்குப் போட்டுவிட்டுத்தான் தூங்கினேன்.

வந்தவள் கையில் ஒரு துணிப்பை, நூறு கிராம்.
உப்புக் கம்பெனிக்காரிக்கு உப்பு.
நடுமுதுகில் சைக்கிளைச் சாய்த்து
கொய்யாவில் தொட்டுத் தின்றோம்.
நம்முடையதைவிடக் கசப்பு குறைவு என்றேன்.
உண்மை அது; சொல்லக் கொஞ்சம் நேரமாயிற்று.

"மலை?"
"எட்டாவது வளைவில் இறங்கித் தள்ளினேன்.
இங்கே காத்து நம்மகிட்ட மல்லுக்கு நிக்குது,
அங்கே மலை சும்மா நிக்குது, அதான் கஷ்டம்."

போலீஸ்காரர் வந்தார்.
"கிடைச்சுதாம்மா?"
ஒருத்திக்கு, என்று சொல்லி
பெடலை மிதித்தேன்.
கச்சான் அன்றைக்கும்
கையை எடுக்கவில்லை.