ஏழாம் வகுப்பு, மூன்றாம் பீரியட்

பதினோரு கணினி. மவுஸ் ஒன்பது.
நாற்பத்து மூன்று பேர்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடக்க
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
பெட்ரோல் பில்லின் முதுகில் கட்டம் போடுகிறேன்.

டெல்பினா பக்கத்தில் முபாரக் கூடாது.
கீபோர்டைப் பெயர்ப்பார்கள்;
போன வாரம் 'எஸ்கேப்' மட்டும் எஸ்கேப்.
யுவஸ்ரீக்கு ஜன்னலோரம் வேண்டாம்,
ஹார்பர் லாரிகளை எண்ணுவாள்.

ஏலம் முடிந்து
விரலில் செதிலோடு வருகிற சகாயத்தை
மட்டும் எப்படிக் குழாயடிக்கு அனுப்ப?
'எல்லாரும் கை கழுவ: நான்கு நிமிடம்'
என்று எழுதினேன்.

கூட்ஸ் போகிறது
வரிசை கலையாமல், பேசாமல்.
கொஞ்சம் பொறாமை.

கேட் தூக்கியதும்
இருபுறமும் ரோட்டை அடைத்து நின்ற அத்தனை பேரும்
திட்டிக்கொண்டே, ஹாரனடித்துக்கொண்டே
ஒருவர்மேல் ஒருவர் படாமல்
கடந்துவிட்டோம்.

பில்லில்
இன்னும் ஆறு பேருக்கு இடமில்லை.