பாதை

எங்கள் பக்கம் ஓடத்தைப் பாதை என்போம்.
இரண்டு வள்ளம், மேலே பலகை, பின்னால் எஞ்சின்.
காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு நின்றுவிடும்.
வயர்லெஸ்ஸில் "பாதையை மறிக்கிறார்கள்" என்றதும்
ஏஎஸ்பி தெருத்தடை என்று நினைத்து
எரிந்த டயர் அள்ளும் லொறியோடு வந்திறங்கினார்.
கண்டல்துறையில் டயர் இல்லை.
தண்ணீர் இருந்தது.

வாக்களிப்புக்கு முதல்நாள், பகல் ஒன்றரை.
எழுவான்கரையில் பஸ்.
பஸ்ஸுக்குள் இரண்டு வாக்குப்பெட்டி,
சீல் பையை மடியில் அணைத்தபடி தலைமை அலுவலர் ஜெஸீமா டீச்சர்,
பிரிக்காத சோற்றுப் பார்சல்.
பாதையில் அறுபது பேர், இருந்த இருப்பு.
பாலம் வரும்வரைக்கும்
படுவான்கரைக்குப் பெட்டி போகாது.

இரண்டு மொழியும் தெரியும் என்று
என்னை முன்னுக்கு விட்டார்கள்.
கேடயம் பிடித்தவர்கள் எனக்குப் பின்னால்.
சிங்களத்தில் அவர் சொன்னது நீளம்:
தேர்தல் சட்டம், பிரிவு, பிணை, நீதவான், ஐந்து நிமிடம்.
தமிழில் நான் சொன்னது:
"அஞ்சு நிமிசத்துல இறங்கட்டாம்.
இறங்காட்டி அள்ளுவாங்களாம்.
புகைக்குண்டு ஜீப்புக்குள்ள இருக்காம்."

எனக்குத் தந்த கேடயம் அந்த 'ஆம்' தான்.
ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒளிந்துகொண்டு நின்றேன்.

முன்னால் இருந்தவள் நேசமலர்.
மடியில் ஏழு மாதப் பிள்ளை.
"ஆம், ஆம் எண்டுறாய். ஆருகா சொல்ற?
அவரா, நீயா?"

வெயில் சட்டைக்குள் இறங்கியது.

"இவள் இந்தப் பலகையிலதான் பொறந்தவள்.
ராவுல. எஞ்சின்காரன் இல்ல,
சவள் ஊண்டிப் போறம், நடு ஆத்துல வந்திட்டாள்.
பதியப் போனா இந்தக் கரையார் அந்தக் கரை எண்டுறாங்க,
அந்தக் கரையார் இந்தக் கரை எண்டுறாங்க.
எனக்கு நாளைக்கு ஓட்டிருக்கு.
இவளுக்குப் பொறந்த இடமே இல்ல.
போய்ச் சொல்லுகா. ஆம் போடாமச் சொல்லு."

சிங்களத்திலும் ஒரு 'ஆம்' இருக்கிறது,
'லு' என்று சொல்லின் கடைசியில் ஒட்டும்.
ஒட்டாமல் சொன்னேன்.
சவள் ஊன்றிய ஆளைப்போல,
விளக்குப் பிடித்த ஆளைப்போல.

ஏஎஸ்பி கெட்டவர் அல்ல. மணிக்கூட்டைப் பார்த்தார்.
கச்சேரிக்கு எடுத்தார், வரைபடம் கேட்டார்,
பஸ்ஸைத் திருப்பச் சொன்னார்.
சுற்றிப் போனால் நாற்பத்துமூன்று கிலோமீற்றர்,
யானை இறங்கும் நேரத்துக்கு முன் பிடிக்கலாம்.
"அவ்வளவு தூரமா!"
ஜெஸீமா டீச்சர் ஜன்னலால் தலையை நீட்டினார்.
பாதையில் யாரோ கைதட்டினார்கள்.
சிரிப்பும் கேட்டது.
பெட்டிகள் போயின.

பெட்டி போன பிறகு எதற்கு என்று நானும் நினைத்தேன்.
ஆனால் இறக்கினோம்.
புகை தேவைப்படவில்லை, கைகள் போதுமாக இருந்தன.
நேசமலரின் முழங்கைக்கு மேலே பிடித்தது
என்னுடைய கை.
அந்தப் பிடியில் ஆம் இல்லை.

பட்டியலில் ஏழு பேர்.
ஜீப்பில் எட்டு.

இரவு புத்தகத்தில் சிங்களத்தில் எழுதினேன்.
ஓடத்துக்குப் 'பாருவ', தெருவுக்குப் 'பார'.
சார்ஜன்ட் வாசித்து,
ஓரெழுத்தைக் குறுக்கே வெட்டினார்.
தெரு என்றால்தான் பிரிவு பொருந்துமாம்.

கண்டல்துறையில்
தெருவை மறித்த ஏழு பேர்.
கீழே என் கையொப்பம், என் இலக்கம்.
என் வாக்கைத் தபாலில் போட்டுப் பத்து நாள்.

வழக்கு நாளில் யாராவது எழும்பிக் கேட்கவேண்டும்,
எந்தத் தெரு என்று.
கேட்டால்
மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.