மஞ்சள் காய்

எத்தனை பேர் ஆடுவீர்கள் என்று
நான் கேட்பதில்லை.
அதைப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள்.
தோற்றால் யார் எழுந்து போவார்,
யார் விதிகளை உரக்க வாசித்தே உயிரை எடுப்பார்,
ஜெயிக்க வெட்கப்பட்டு
வேண்டுமென்றே தப்பாய் நகர்த்துகிறவர் உண்டா,
அதைச் சொல்லுங்கள், போதும்.

எம்டன் துறைமுகத்தில் நவம்பர் என்பது
படுக்கைவாட்டில் பெய்யும் மழை.
கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர்
குடை உலர்த்த வருகிறவர்கள்.
அவர்களுக்கும் ஏதாவது சொல்லியனுப்புவேன்:
சம்பந்தி வீட்டாரோடு முதல் விருந்தென்றால்
சொல் கோக்கும் ஆட்டம் வேண்டாம்,
எல்லார் எழுத்துப்பிழையும் மேசைக்கு வந்துவிடும்.
பதினைந்து வயது மகனிடம் பேச வேண்டுமா,
ஓடு அடுக்கும் ஆட்டம். கண்ணைப் பார்க்காமல் பேசலாம்.
நான்கு மணி நேரம் நீளும் ரயில்பாதை ஆட்டத்தைப்
பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்களுக்கு விற்கமாட்டேன்.
(ஒருமுறை விற்றேன். இரண்டு ஊர் பாக்கியிருக்கையில்
பனிக்குடம் உடைந்ததாம்.
அதற்குமுன் தன் முறையை ஆடி முடித்துவிட்டாளாம்.)

கேஷே மழைக்கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்:
அண்ணன்மார் இரண்டு பேர், ஹப்போ, ஒக்கோ.
பதினோரு வருஷமாய் ஒரே கிறிஸ்துமஸ் மேசை.
உப்பு வேண்டுமென்றால்கூட
என் வழியாகத்தான் கேட்பார்கள்.
அப்பாவின் இறால் படகில் தொடங்கியது.
படகை விற்றாயிற்று, காசும் கரைந்தாயிற்று,
மௌனம் மட்டும் பாகம் பிரியாமல் கிடக்கிறது.

கூட்டாய் ஆடும் ஆட்டம் ஒன்றை எடுத்துக் காட்டினேன்.
எல்லாரும் ஒரே கட்சி. தீவு மூழ்குகிறது.
சேர்ந்து தப்ப வேண்டும்.
நல்லெண்ணம் மணக்கும் பெட்டி.
"சேர்ந்து மூழ்க அவர்களுக்கு நன்றாகவே தெரியும்" என்றாள்.
"அடித்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள்."

கீழ்த்தட்டில், யாரும் சிபாரிசு கேட்காத இடத்தில்
அது இருந்தது.
இந்த நாட்டில் எல்லார் அலமாரியிலும் இருப்பது,
எல்லார் வீட்டிலும் ஒரு காய் தொலைந்திருப்பது.
'மனிதா, கோபப்படாதே' என்று பெயர்.
நான்கு நிறம், ஒரு பகடை.
வீட்டுவாசல்வரை வந்துவிட்டவனை வெட்டி
ஆரம்பத்துக்கே அனுப்பலாம்.
யோசிக்க ஒன்றுமில்லை.
மூளைக்கு ஓய்வு கொடுத்தால்
வயிற்றெரிச்சல் எழுந்து வேலைக்கு வந்துவிடும்.

ஜனவரியில் வந்து
ஒரு மஞ்சள் காய் கேட்டாள்.

ஹப்போவின் கடைசிக் காய். வீட்டுக்கு இரண்டே கட்டம்.
ஒக்கோ வெட்டினான்.
ஹப்போ எழுந்தான், ஜன்னலைத் திறந்தான்,
நிதானமாக இருட்டுக்குள் எறிந்தான்.
அப்போது ஒக்கோ
அவன் முகத்துக்கு நேரே சொன்ன முதல் வாக்கியம்:
"போய் எடுத்துட்டு வாடா, எருமை."
மற்றதை இங்கே எழுத முடியாது.
இருவருமே போனார்கள். ஒரே டார்ச்.
ஈரப்புல்லில் ஒரு மணி நேரம் குனிந்து,
ஒருவன் தேடிய இடத்தை
மற்றவன் நம்பாமல் மறுபடி தேடி.

கிடைக்கவில்லை.
தேநீருக்கு வைத்த கற்கண்டில் ஒரு கட்டியை
மஞ்சளாய் வைத்து ஆடியிருக்கிறார்கள்.
மறுநாள் அது வீட்டை நெருங்குகையில்
ஒக்கோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.
அதில் புதுச் சண்டை.
ஈஸ்டருக்கு வந்து தீர்த்துக்கொள்வதாய்க்
கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

கல்லாவுக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன்.
தலை போன குதிரை, ஒற்றைக் கப்பல்,
எந்தப் பெட்டியில் பிறந்ததென்றே தெரியாத கோழி.
மேசையில் கொட்டித் தேடினோம்.
மஞ்சளே மூன்று இருந்தது.
கேஷே ஒன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துத்
திரும்ப டப்பாவில் போட்டாள்.
கற்கண்டே இருக்கட்டும் என்றாள்.

பிறகு, கதவருகே போனவள் நின்று,
விழுங்குவதைப் பற்றி விதி ஏதாவது உண்டா என்றாள்.
புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து
விதித்தாளை இருவரும் இரண்டு முறை வாசித்தோம்.
காயைத் தின்னக்கூடாதென்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.