இருபது நிமிடம்

வஃப்ராவில் உருளைக்கிழங்குக்கு நிலம் உழுகிற மாதம்.
வெயிலில் சிவப்பு வெளுத்து
ரோஸ் நிறமாகிவிட்ட பழைய மாஸி
இருபது நிமிடம் உழும்.
பிறகு விக்கும், ஏறும், இறங்கும்,
மூன்று சிலிண்டரும் ஏதோ கூடிப் பேசியதுபோல்
சேர்ந்து அணையும்.

அய்யாசாமி என்கிற என் பெயரில்
பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்ட
ஃபோர்மேன் ஷஹாத்தா
"ஸாமி, ஷூஃப்" என்றார்.
பார்த்தேன்.

முதலில் கண்ணாடிக் கிண்ணம்.
அடியில் ஒரு சிட்டிகை மணல்,
மிளகளவு தண்ணீர்.
ஷஹாத்தாவுக்கு அது போதும்.
டீசல் கேனைத் தூக்கி வந்தவன் ஜஷீம்,
மூடியில்லாமல் தூக்கி வந்தவன் ஜஷீம்.
அரைநாள் சம்பளம் அங்கேயே
சிகரெட் அட்டையின் பின்புறத்தில் கழிந்தது.
ஜஷீம் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் குனிந்துதான் இருந்தேன்,
கையில் வேலை இருந்தது.

ஃபில்டர் மாற்றினேன்.
ப்ளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்தி
கைப்பம்பின் நாக்கை
கட்டைவிரலால் அமுக்க அமுக்க
உலை கொதிப்பதுபோல் குமிழ்,
பிறகு நுரை,
பிறகு நூல் பிடித்ததுபோல் டீசல்.
இறுக்கினேன்.
பம்பின் மேல் ஒன்று,
இன்ஜெக்டர் நட்டுகள் மூன்று,
ஒரு பொட்டுக் காற்று விடாமல் விரட்டிவிட்டு
செல்ஃப் அடித்தேன்.
பிடித்தது.
மூன்று சுற்று போய்
நான்காவதின் நடுவில், பாதிச் சாலில், நின்றது.

மறுபடி முதலிலிருந்து.
குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதினேன்.
டீசல் எப்படி ருசிக்கும் என்று கேட்காதீர்கள்,
மத்தியானம் குப்பூஸிலும் அதே ருசிதான்.
வேலிக்கு அப்பால்
எண்ணெய்க் கிணற்றின் தீ
பட்டப்பகலிலும் ஆடிக்கொண்டிருந்தது.
காலுக்கடியில் எத்தனை கோடிப் பீப்பாயோ,
இங்கே விரல் மொத்தக் குழாயில்
ஒரு சொட்டுக்கு வழியில்லை.

மூன்றாம் முறை நின்றபோது
மணி பதினொன்று நாற்பது.
டாங்கியில் டீசல் இருக்கிறதா என்றாவது பார்ப்போமென்று
மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்.

பெருமூச்சுதான்.
ஆனால் வெளியே விட்டதல்ல,
உள்ளே இழுத்தது.

மூடிக்கு அடியில் குப்பூஸ் பை.
இரண்டாய் மடித்து, வாய் முழுக்கப் போர்த்தி,
செவ்வாய்க்கிழமை தோஸ் அடித்து
எதிரில் நிற்கிற ஆள் தெரியாமல் போனபோது
மணல் உள்ளே போகக்கூடாதென்று
கட்டியவன் நான்.

காலையிலிருந்து காற்றை விரட்டிக்கொண்டிருந்தேன்.
அது காற்றில்லாமல்தான் செத்துக்கொண்டிருந்தது.
டீசல் இறங்க இறங்க
அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும்,
வராவிட்டால் டாங்கி தன் டீசலைத் தானே பிடித்துக்கொள்ளும்.
இருபத்திரண்டு வருடம் ஸ்பானர் பிடித்தவனுக்கு
இது தெரியாததல்ல.

பையை உருவினேன்.
மூடியின் ஊசித்துளையைச்
செப்புக் கம்பியால் குத்தி எடுத்தேன்.
அஸர் பாங்கு வரைக்கும் ஓடியது மாஸி,
அதற்குப் பிறகும் ஓடியது.

"என்ன கோளாறு?" என்றார் ஷஹாத்தா.
"ஹவா" என்றேன்.
பிறகு பையைக் காட்டி
என் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன்.
அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு
சட்டைப் பையைத் தட்டினார்:
எழுதியது எழுதியதுதான், கலாஸ்.

ராத்திரி ஜஷீமின் கட்டிலில்
ஒன்றரை தினார் வைத்தேன்.
ஒரு தினாரை எடுத்து மடித்துக்கொண்டான்.
அரை தினார் நோட்டைத் திருப்பி நீட்டி,
எனக்குப் பாதி புரிகிற இந்தியில் சொன்னான்:
"அன்றைக்குப் பையின் மறுமுனையைப்
பிடித்துக்கொண்டு நின்றது யார், பாய்?"

காலையில் கண்ணாடிக் கிண்ணத்தின் முன்னால்
அவனும் குனிந்தே இருந்தது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்த நோட்டு
டீத்தூள் டப்பாவின் மேல் கிடக்கிறது,
ஓரத்தில் என் கட்டைவிரல் கறையோடு.
மூன்று நாளாகிறது.
டப்பாவைத் திறக்கும்போது
எடுத்துக் கீழே வைக்கிறோம்,
மூடியதும்
திரும்ப மேலே வைத்துவிடுகிறோம்.