அரைப்பேர்

கண்ணின் கீழ்மடலை விரலால் இழுத்துப் பார்த்து
"லே மதி" என்றாள் குசும் மிஸ்ஸி.
"என்னங்க மிஸ்ஸி?" என்றேன்.
வீட்டில் என்னை மதி என்றுதான் கூப்பிடுவார்கள்.
அவள் கூப்பிடவில்லை.
இரத்தம் போதாது என்பதற்குச் சிங்களத்தில் அப்படியாம்.

ஏழு புள்ளி எட்டு.
அட்டையில் எழுதிச் சிவப்புக் கோடு போட்டாள்.

எனக்கு இரண்டு அட்டை.
ஒன்று இது, சொப்பிங் பேக்கில் மடித்து
நெஞ்சோடு வைத்துக்கொள்வது.
மற்றது பதினோராம் நம்பர் மலையில்
மழை விட்டதும் காலில் ஏறுவது.
அதற்குக் கிளினிக் இல்லை, தேதி இல்லை.
"என்கிட்ட என்னா இருக்குன்னு ஏறுற?"
உப்பைத் தேய்த்தபடி கேட்டேன்.
அடுத்த நிரையில் மரியபுஷ்பம் சிரித்தாள்.
என் முகத்தைப் பார்த்து
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மயக்கம் எப்படி வரும் என்று மிஸ்ஸி கேட்டாள்.
முதலில் மலை மெல்லச் சாயும்.
கொழுந்தெல்லாம் கறுக்கும்.
காதுக்குள் ஃபேக்டரி ஓடும்.
பிறகு முகத்துக்கு நேரே கங்காணியின் சப்பாத்து.
அன்று பதினோரு கிலோ.
பதினெட்டு இல்லையென்றால் செக்ரோலில் அரைப்பேர்.
சந்திரமதியில் பாதி மதி.
மதி என்றால் போதாது.

குளிசை தந்தாள், துருவின் நிறத்தில்.
லயத்தில் துருவுக்கா பஞ்சம்?
மழை வந்தால் கூரைத் தகரம்
சோற்றுச் சட்டிக்குள்ளேயே சொட்டும்.
முதல் வாரம் வாந்தி.
மறுவாரம் கக்கூசில் கறுப்பைப் பார்த்துப் பயந்து
கடுகு டின்னுக்குள் ஒளித்துவைத்தேன்.
திரிபோஷ மாவைப் பிள்ளைகள் ரெண்டும்
சீனி போட்டுத் தின்று முடித்தன.
கேட்டால் நான்தான் சாப்பிட்டேன் என்பேன்.

நான் தின்றது வேறு.
எல்லாரும் தூங்கின பிறகு
அடுப்படிச் சுவரில் ஈரமண் வாசம் வரும் இடத்தை
நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்து.
ஒரு குழி விழுந்திருக்கிறது அங்கே,
கைக்குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு.
புருசனுக்குத் தெரியாது.
காலண்டரை இறக்கி மாட்டிவிட்டேன்.

மிஸ்ஸி என் நகங்களைப் பார்த்தாள்.
திட்டவில்லை.
பாதித் தமிழில் மெதுவாய்ச் சொன்னாள்:
குளிசை போட்டு ரெண்டு மணித்தியாலம்
தேத்தண்ணி வேணாம்.
தேயிலை இரும்பை ஒடம்புக்கு விடாது,
புடிச்சி வச்சிக்கும்.

சிரிப்பு வந்தது எனக்கு.
விடியக்காலை வெறுந்தேத்தண்ணி இல்லாமல்
எங்கள் லயத்தில் எந்த இடுப்பு நிமிர்ந்திருக்கிறது?
ரொட்டியை இறக்குவதும் அதுதான்.
சோறு பத்தாத ராத்திரியை நிரப்புவதும் அதுதான்.
கூடையில் எடுத்தது போதாமல்
கோப்பைக்குள்ளும் வந்து எடுக்குமா?

மறுநாள் பத்து மணிக்குப் போத்தலைத் திறந்தேன்.
ஆவி முகத்தில் பட்டது. ஆசைதான், ஏன் பொய் சொல்ல.
மரியபுஷ்பம் வாய் பிளந்து பார்த்திருக்க
ஒரு தேயிலைத் தூரில் கவிழ்த்தேன்.
"ஒன்னுதுதானே, நீயே குடி."
படங்கு மடிப்பிலிருந்த தேசிக்காயைக் கடித்துக்
குளிசையை விழுங்கினேன்.
புளிப்பில் கண் சுருங்கியது.
உள்ளே ஓர் உதை,
கிலோ கேட்காமல், பேர் கேட்காமல்.

அன்றைக்கும் பன்னிரண்டுதான். அரைப்பேர்தான்.

அடுத்த கிளினிக்கில் எட்டு புள்ளி மூன்று.
மறுபடி கண்மடலை இழுத்தாள்.
"தவ மதி."
இன்னும் போதாதாம்.
சிவப்புப் பேனாவைத் தேடினாள், கிடைக்கவில்லை,
நீலத்திலேயே எழுதினாள்.

கூப்பிட்டதாகவே எடுத்துக்கொண்டு
"இருக்கேன் மிஸ்ஸி" என்றேன்.