இன்னும்

இரவு பதினொன்றே முக்காலுக்கு
கொல்லங்கோட்டிலிருந்து முபீனா அழைத்தாள்.
"அக்கா, தல துண்டாயிருச்சுன்னு வருது."
வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது நாள்.
கீபோர்டைத் தொடப் பயந்து
கைகளை மடியில் வைத்திருக்கிறாள்.
குரலிலேயே தெரிந்தது.

கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன்.
போன மாதம் நிரல் எப்படி இருந்தது என்று
எட்டிப் பார்க்கப் போனவள்
திரும்பி வரவில்லை.
அங்கேயே உட்கார்ந்து மூன்று நாள் எழுதியிருக்கிறாள்,
எந்தக் கிளையிலும் இல்லாமல்.
மென்பொருள் முதல் நாளே சொல்லியிருக்கிறது
இரண்டே சொல்லில்,
கொலைச் செய்தி மாதிரி.

ஒரு கட்டளைதான். கிளைக்குப் பெயர் கேட்டேன்.
"சும்மா" என்றாள்.
சும்மா என்றே வைத்தோம்.
மூன்று நாளும் வந்து சேர்ந்தது.
அவள் தூங்கப் போனாள்.

யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம்
அந்த மென்பொருளை.
"எதுவும் தொலையவில்லை" என்று எழுதினேன்.
அழித்தேன்.
இப்படியே கிளை மாறினால்
முதலில் கண்ணுக்கு மறையும், பிறகு தொலையும்.
ஆறுதலுக்குக்கூடப் பொய் வேண்டாம்.
"பிழை" என்று தொடங்கினேன்.
அவள் ஒரு பிழையும் செய்யவில்லையே.

விடிந்ததும் மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில்
பால் பரிசோதிக்கும் இடத்துக்கு எதிரே டீ.
உடுமலைப் பக்கத்து டேங்கர்காரர்
மலையாளச் சீட்டொன்றை நீட்டினார், படித்துச் சொல்லச் சொல்லி.
அனுமதி இல்லை, அளவு குறைவு.
"எந்த அளவு?"
போடவில்லை.
"சரி, நான் இப்ப என்ன பண்ணோணுமாம்?"
சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
வெறும் வெள்ளை.
பின்னால் ஏழு வண்டி ஹாரன்.

திருத்தம் அனுப்பினேன்.
வளவளவென்று இருக்கிறது என்றார் ஒருவர்.
பழைய வரியை எழுத்துக்கு எழுத்து நம்பி
எங்கோ ஒரு சர்வரில்
ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்,
அதன் வயிற்றில் அடிக்காதே என்றார் இன்னொருவர்.
நியாயம்தான்.
துண்டான தலையை அப்படியே விட்டுவிட்டு
அதற்குக் கீழே:

நீங்கள் நிற்பது கிளையில் அல்ல, பழைய புள்ளி ஒன்றில்.
இங்கே எழுதியது இன்னும் தொலையவில்லை.
நகரும் முன் அதற்கொரு பெயர் வையுங்கள். கட்டளை இதோ.

'இன்னும்' எதற்கு என்று கேட்டார்கள்.
அந்த ஒரு சொல்லுக்குப் பதினாறு நாள்.
எடுத்தால் பொய்,
வைத்தால் படிப்பவர் பயப்படுவார்.
கொஞ்சம் பயம் இருக்கட்டும் என்றேன்,
எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரிந்த பயம்.

ஆவணியில் புதிய பதிப்பு வந்தது.
முபீனாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

நேற்று மறுபடி அழைத்தாள்.
"அக்கா, சம்பந்தமில்லாத வரலாறுகளைச்
சேர்க்க மாட்டேன்னு சொல்லுது."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"யாரோட வரலாறுக்கா?"