பூச்சியம்

வியாழக்கிழமை, காலமை ஆறரை.
புன்னாலைக்கட்டுவன் செம்மண் வரம்பில்
மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு
வாளியைக் கழற்றுகிறேன்.
பச்சை மூடி, மஞ்சள் வாய்,
நடுவில் விரல்நுனி அளவு ரப்பர்த் துண்டு.
அதில் இருப்பது
இல்லாத ஒரு பெண் அந்தின் வாசம்.
கொழும்பிலிருந்து பொதியில் வந்தது.

பதினொரு கிழமையாய் ஒரே எழுத்து.
பூச்சி இல்லையென்றால் பூச்சியம்.
படிவத்தில் அந்தப் பெட்டியை
வெறுமையாய் விடக்கூடாது.
வெறுமை என்றால் நான் போகவில்லை.
பூச்சியம் என்றால் போனேன், திறந்தேன், பார்த்தேன்,
இரவு முழுக்க ஒன்றும் வரவில்லை.

தண்ணி மாறிக்கொண்டே குலநாயகம் கேட்பார்:
"ஒண்டுமில்லாததை எண்ணவோ பிள்ளை
உங்களுக்குச் சம்பளம்?"
"ஓம்" என்பேன்.
ஒருமுறை பல்லி விழுந்திருந்தது.
அதையும் குறிப்பில் எழுதினேன்.

இன்று அடியில், மண்ணோடு மண்ணாய்,
மடிந்த சிறகு.
உள்ளங்கையில் கவிழ்த்து வில்லையைப் பிடித்தேன்.
முன்சிறகின் நுனியில் வெள்ளைப் பொட்டு,
பயிற்சியில் காட்டிய படத்தைவிடச் சின்னது.

எந்தக் காற்று ஏற்றிவந்ததோ.
எங்களை எத்தனை தரம் மறித்துக் கேட்ட தெரு இது,
இதை ஒருவரும் கேட்கவில்லை.

வாளிக்கு வருவது ஆண் மட்டும்.
பெண் எங்கேயோ வேலையில் இருக்கிறாள்.

சோள வரிசைக்குள் குந்தினேன்.
இருபதாவது கன்றா, இருபத்தோராவதா,
குருத்துக்குள் ஈர மரத்தூள்.
விரித்தால் புழு.
நெற்றியில் தலைகீழாய்ப் பிடித்த கவண்,
வாலுக்குக் கிட்ட நாலு புள்ளி,
லூடோக் கட்டையின் நாலு மாதிரி.
என்னைக் கண்டு சுருளவுமில்லை.

கைபேசியில் மேலதிகாரி:
"வடிவாப் பாத்தனீங்களோ?
படம் அனுப்புங்கோ.
இப்ப ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்."

மண்வெட்டியோடு குலநாயகம்
எனக்குப் பின்னால்தான் நிற்கிறார்.
"இண்டைக்கும் பூச்சியமோ?"

படிவத்தைத் திருப்பிக் காட்டினேன்.
ஒரு சின்னக் கோடு, நேராய்.
அவர் அதைப் பார்த்தார்,
பிறகு குருத்தைப் பார்த்தார்.
"ஒண்டுதானே" என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

வாய்க்காலில் தண்ணி
பாத்தி நிறைந்து வரம்பால் வழிந்தது.
இருவருமே அதை மறிக்கப் போகவில்லை.

அடுத்த வாளி ஏழாலையில்.
பதினொரு கிழமையாய் எனக்கு அலுத்துப்போன
அந்த வெறும் வட்டத்தை
வழிநெடுக
கேட்டுக்கொண்டே போனேன்.